காக்கும் மிகை

நுழையும்முன்

கல்லிலும் செப்பேட்டிலும் ஓலையிலும் தாளிலும் எழுதிக் காத்த செய்திகளை இன்றைய உலகம் கணினியில் எழுதிக் காக்கிறது. நிலப்பத்திரம், மருத்துவக் குறிப்பு, தேர்வு மதிப்பெண், வங்கிக் கணக்கு, இலக்கியம் என அனைத்தும் எண்களாக மாறிச் சேமிப்பகங்களில் தங்குகின்றன. ஓலை செல்லரித்தால் கண்ணுக்குத் தெரியும். கணினியில் எழுதிய எழுத்து மாறினால் அதன் சுவடும் தெரியாது. அம்மாற்றத்தைக் கண்டறியவும் மூலச் செய்தியை மீட்கவும் அறிவியலார் கையாளும் வழி, செய்தியோடு திட்டமிட்டுச் சேர்க்கும் மிகையாகும். அதன் இயல்பையும் எல்லையையும் இப்பாடம் விளக்குகிறது.

மிகை குற்றமா?

நூலுக்குரிய குற்றங்கள் பத்து என நன்னூல் வகுக்கிறது. 'மிகைபடக் கூறல்', 'கூறியது கூறல்' ஆகிய இரண்டும் அவற்றுள் அடங்கும். வேண்டிய அளவே சொல்லுதல் நூலுக்கு அழகு. எனினும், நாம் நாள்தோறும் வழங்கும் மொழியின் அமைப்பிலேயே ஒருவகை மிகை பொதிந்துள்ளது. 'அவள் வந்தாள்' என்னும் தொடரைக் காண்போம். பெண்பால் ஒருமை என்னும் செய்தி இத்தொடரில் இருமுறை வருகிறது. எழுவாயில் ஒருமுறை, வினைமுற்றின் விகுதியில் மற்றொரு முறை.

இந்த மிகையால் விளையும் பயன் யாது? எழுவாயின் இறுதி எழுத்து மைபட்டு அழிந்து, 'அவ– வந்தாள்' என்று மட்டும் எஞ்சியிருப்பதாகக் கொள்வோம். அழிந்த எழுத்து 'ள்' என்பதை விகுதியே காட்டிக்கொடுக்கிறது. மாறாக, 'அவன் வந்தாள்' என்று எழுதப்பட்டிருந்தால், பிழை உண்டு என்பது உடனே விளங்கும். ஆனால், பிழை எழுவாயில் உள்ளதா, பயனிலையில் உள்ளதா என்பது விளங்காது. 'அவன் வந்தாள்; அமர்ந்தாள்' என மேலும் ஒரு சான்று கிடைத்தால், இரண்டு சான்றுகள் ஒன்றை மறுக்கின்றன. எழுவாயே பிழையுடையது எனத் துணியலாம்.

எனவே மிகை மூன்று நிலைகளில் பயன்படுகிறது. அழிந்த இடம் தெரிந்தால் அதனை நிரப்ப உதவுகிறது. இடம் தெரியாதபோது பிழை உண்டு என அறிவிக்கிறது. மிகை மேலும் கூடினால் பிழையுள்ள இடத்தையும் சுட்டுகிறது. கணினிச் சேமிப்பகங்களின் பாதுகாப்பு முழுவதும் இம்மூன்று நிலைகளின்மேல் எழுப்பப்பட்டதே.

ஒரு பிட் மாறினால்

கணினி எச்செய்தியையும் 0, 1 என்னும் இரண்டு குறிகளால் எழுதுகிறது. ஒவ்வொரு குறியும் பிட் எனப்படும். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். நிலைவட்டில் பிட் என்பது நுண்ணிய காந்தப்பகுதி. திண்மநிலை நினைவகத்தில் அது சிறைப்பட்ட மின்னேற்றம். காந்தப்புலம் தளரலாம், மின்னேற்றம் கசியலாம், விண்வெளியிலிருந்து வரும் கதிர்வீச்சின் துகளொன்று நினைவகத்தில் மோதலாம், வட்டினை இயக்கும் நிரலே செய்தியைத் தவறான இடத்தில் எழுதிவிடலாம். இவற்றுள் எது நேர்ந்தாலும் 0 என்பது 1 ஆகவோ, 1 என்பது 0 ஆகவோ மாறக்கூடும்.

ஒரு பிட் மாறுவதால் பெருங்கேடு விளையுமா என ஐயுறலாம். 1 என்னும் எண்ணுருவைக் கணினி 00110001 என எழுதுகிறது. 9 என்பதனை 00111001 என எழுதுகிறது. இரண்டுக்கும் ஒரே ஒரு பிட் வேறுபாடுதான். மருந்துச் சீட்டில் 1 என்றிருந்தது 9 ஆக மாறுவதற்கு அந்த ஒரு பிட் போதும்.

தமிழ் எழுத்துகளிலும் இதனைக் காணலாம். ஒருங்குறி அட்டவணையில் ரகரமும் றகரமும் அடுத்தடுத்த இடங்களில் உள்ளன. கணினிக் கோப்புகளில் பரவலாக வழங்கும் முறையில் இவை ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. றகரத்தின் இறுதி பைட் 10110001. ரகரத்தின் இறுதி பைட் 10110000. கடைசி பிட் மாறினால் 'அறம்' என்பது 'அரம்' ஆகிவிடும். இரண்டும் பொருளுள்ள சொற்களே ஆதலால், எழுத்துப்பிழை காட்டும் செயலியும் இதனைக் காட்டாது. லகர ளகரங்களுக்கும் இந்நிலை உண்டு. 'தலை' என்பது 'தளை' ஆக ஒரு பிட் மாறினால் போதும்.

இவ்வாறு எந்த எச்சரிக்கையும் இன்றி நேரும் மாற்றத்தை 'ஓசையற்ற சிதைவு' என்பர். இது அரிதாகவே நேர்கிறது. ஆனால் சேமிப்பகம் பெரிதாகும்போது அரியதும் எண்ணிக்கையில் மிகுந்துவிடுகிறது. 2008ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று 15.3 இலட்சம் நிலைவட்டுகளின் பதிவுகளை 41 மாதங்களுக்கு ஆராய்ந்தது. எழுதியதும் படித்ததும் பொருந்தாத நிகழ்வுகள் 4 இலட்சத்துக்கும் மேல் என அது கண்டறிந்தது.

பிழையைக் கண்டறிதல்

பிழையைக் கண்டறிவதற்குரிய மிக எளிய வழி சமநிலை பிட் ஆகும். ஒரு பைட்டில் உள்ள 1 என்னும் குறிகளை எண்ண வேண்டும். அவ்வெண்ணிக்கை இரட்டைப்படையாக அமையுமாறு, கூடுதலாக ஒரு பிட்டினைச் சேர்த்தெழுத வேண்டும். றகரத்தின் இறுதி பைட்டாகிய 10110001 என்பதில் நான்கு ஒன்றுகள் உள்ளன. எண்ணிக்கை இரட்டைப்படையாகவே இருப்பதால், சமநிலை பிட் 0. பின்னர் ஏதேனும் ஒரு பிட் மாறினால், ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிடும், பிழை வெளிப்படும்.

இம்முறைக்கு இரண்டு குறைகள் உண்டு. இரண்டு பிட்டுகள் மாறினால் எண்ணிக்கை மீண்டும் இரட்டைப்படையாகிவிடுவதால் பிழை மறைந்துவிடும். ஒரு பிட்டே மாறினாலும், மாறியது எது எனக் கூற இயலாது. 'அவன் வந்தாள்' என்னும் தொடரைக் கண்டு நிற்பவரின் நிலையே கணினியின் நிலையும் ஆகும்.

தெரியுமா?
ஆதார் எண்ணில் உள்ள 12 இலக்கங்களுள் இறுதி இலக்கம் சரிபார்ப்பு இலக்கமாகும். முதல் 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு இது அமைக்கப்படுகிறது. நெதர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹூஃப் 1969ஆம் ஆண்டு வெளியிட்ட முறை இது. ஏதேனும் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை இடம்மாற்றி எழுதினாலும் இம்முறை காட்டிக்கொடுக்கும். எனினும், சரியான எண் எது என்பதனை இது கூறாது.

பிழையைத் திருத்துதல்

பிழையைக் காட்டுவதோடு நில்லாமல், அதனைத் திருத்தவும் வல்ல குறிமுறையை அமைத்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு ஹாமிங். 1947ஆம் ஆண்டளவில் அவர் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் பணியாற்றினார். அங்கிருந்த கணிப்பொறி மின்காந்த இணைப்பிகளால் இயங்கியது. பிழை நேர்ந்தால் கண்டறியும் திறன் அதற்கு இருந்தது. வேலை நாள்களில் பிழை தோன்றினால் பணியாளர்கள் சரிசெய்வர். வார இறுதியில் ஆளில்லாதபோது, பிழை தோன்றிய கணக்கை இடையிலேயே கைவிட்டு, அடுத்த கணக்கைப் பொறி தொடங்கிவிடும். ஹாமிங்கின் கணக்கு தொடர்ந்து இரண்டு வாரங்கள் இவ்வாறு கைவிடப்பட்டது. பிழை உண்டு என்று அறியும் பொறி, அது இருக்கும் இடத்தையும் அறிந்து தானே திருத்திக்கொள்ளலாகாதா என்னும் வினா அவருள் எழுந்தது. அவ்வினாவுக்கு அவர் கண்ட விடை 1950ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது.

ஹாமிங்கின் முறையில் நான்கு செய்திப் பிட்டுகளுடன் மூன்று சோதனைப் பிட்டுகள் சேர்ந்து ஏழாகின்றன. ஏழு இடங்களுள் 1, 2, 4 ஆகியன சோதனைப் பிட்டுகளுக்கு உரியன. 3, 5, 6, 7 ஆகியன செய்திக்கு உரியன. முதற்சோதனை 1, 3, 5, 7 ஆகிய இடங்களைக் கண்காணிக்கிறது. இரண்டாம் சோதனை 2, 3, 6, 7 ஆகிய இடங்களையும், மூன்றாம் சோதனை 4, 5, 6, 7 ஆகிய இடங்களையும் கண்காணிக்கின்றன. ஒவ்வொரு குழுவிலும் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருத்தல் வேண்டும்.

றகரத்தின் இறுதி பைட்டில் முதல் நான்கு பிட்டுகள் 1011. இவற்றைச் செய்திக்குரிய இடங்களில் வைத்துச் சோதனைப் பிட்டுகளைக் கணக்கிட்டால் 0110011 என்னும் தொடர் கிடைக்கும். சேமித்த பின்னர் ஆறாம் இடத்திலுள்ள பிட் மாறி, 0110001 எனப் படிக்கப்படுவதாகக் கொள்வோம். முதற்சோதனையில் ஒன்றுகள் இரண்டு; அது பொருந்துகிறது. இரண்டாம் சோதனையில் ஒன்றுகள் மூன்று, அது தவறுகிறது. மூன்றாம் சோதனையில் ஒன்று மட்டுமே; அதுவும் தவறுகிறது. தவறிய சோதனைகளுக்குரிய பிட்டுகள் நிற்கும் இடங்கள் 2, 4. அவற்றின் கூட்டுத்தொகை 6. பிழையுள்ள இடமும் ஆறே! அவ்விடத்துப் பிட்டினை மாற்றினால் மூலச் செய்தி மீண்டுவிடும்.

சோதனைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்திருப்பதே இம்முறையின் சிறப்பு. எந்தெந்தச் சோதனைகள் தவறுகின்றன என்பது ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே அமைவதால், தவறும் பாங்கே பிழையின் முகவரியாகிறது. இன்றும் பெருங்கணினிகளின் நினைவகங்களில் 64 செய்திப் பிட்டுகளுக்கு 8 சோதனைப் பிட்டுகள் சேர்த்து, ஒரு பிழையைத் திருத்தவும் இரண்டு பிழைகளைக் கண்டறியவும் இம்முறையின் விரிவு பயன்படுகிறது.

வட்டே பழுதானால்

ஒரு பிட் மாறுவது சிறு பிழை. நிலைவட்டு முழுவதும் பழுதடைவது பேரிழப்பு. 1988ஆம் ஆண்டு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விலையுயர்ந்த ஒரு பெருவட்டுக்கு மாற்றாக விலைகுறைந்த பல சிறுவட்டுகளைக் குழுவாக இணைக்கலாம் என்பது அவர்கள் கருத்து. வட்டுகள் பலவானால் அவற்றுள் ஒன்றேனும் பழுதாகும் வாய்ப்பும் கூடும். அக்குறையைப் போக்க மிகையைச் சேர்த்தனர். இவ்வமைப்பு 'ரெய்டு' எனப்படுகிறது.

மூன்று வட்டுகளில் 23, 41, 17 என்னும் எண்கள் எழுதப்பட்டுள்ளன எனக் கொள்வோம். நான்காம் வட்டில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 81 எழுதப்படுகிறது. இரண்டாம் வட்டு பழுதானால், 81இலிருந்து 23, 17 ஆகியவற்றைக் கழித்து 41ஐ மீட்டுவிடலாம். உண்மையான அமைப்பில் கூட்டலுக்கு மாற்றாக முன்னர்க் கண்ட ஒற்றை, இரட்டைக் கணக்கே பயன்படுகிறது; கருத்து ஒன்றே. மூன்று வட்டுகளின் செய்தியை ஒரே ஒரு மிகை வட்டு காக்கிறது.

எது உண்மை?

இம்முறையில் ஒரு நுட்பமான இடர் உள்ளது. வட்டு பழுதாகி நின்றுவிட்டால், இழந்தது எது எனத் தெரியும். ஆனால், வட்டு நன்றாக இயங்கிக்கொண்டே 41 என்பதற்கு மாற்றாக 47 என்று கூறினால் என்ன செய்வது? கூட்டுத்தொகை பொருந்தாது என்பது தெரியும். பொய் கூறிய வட்டு எது என்பது தெரியாது. ஒரே செய்தியை இரண்டு வட்டுகளில் படியெடுத்து வைத்தாலும் இவ்விடர் நீங்காது. இரண்டு படிகளும் மாறுபட்டால் எதனை நம்புவது? மேலும், வழக்கமாகப் படிக்கும்போது ஒரு படியை மட்டுமே கணினி நாடுவதால், மாறுபாடு உண்டு என்பதே தெரியாமல் போகலாம். ஆகவே மிகை இருந்தால் மட்டும் போதாது. உண்மையை உரைக்கும் சான்றும் உடனிருத்தல் வேண்டும்.

அச்சான்று சரிபார்ப்புத் தொகை எனப்படும். ஒரு செய்தித்தொகுதி முழுவதையும் கணித முறையில் சுருக்கிப் பெறும் சிறிய எண் இது. செய்தியில் ஒரு பிட் மாறினாலும் இவ்வெண் மாறிவிடும். இதனை எங்கே எழுதி வைப்பது என்பதே வடிவமைப்பாளர் எதிர்கொண்ட வினா. செய்தியின் அருகிலேயே எழுதினால், வட்டு புதிய செய்தியை எழுதாமலேயே எழுதிவிட்டதாகக் கூறும்போது ஏமாந்துவிடுவோம். பழைய செய்தியும் அதன் பழைய தொகையும் தம்முள் பொருந்தியே இருக்கும் அல்லவா? தனக்குத் தானே சான்று கூறுவது சான்றாகாது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் போன்விக், மேத்யூ ஆரன்ஸ் முதலியோர் உருவாக்கி, 2005ஆம் ஆண்டு நிரல்மூலத்துடன் வெளியிடப்பட்ட 'இசட்எஃப்எஸ்' என்னும் கோப்பு முறைமை இதற்கு விடை கண்டது. வட்டில் எக்கோப்பு எங்குள்ளது என ஒழுங்குசெய்யும் நிரலே கோப்பு முறைமை ஆகும். இம்முறைமையில் செய்தித்தொகுதிகள் மரத்தின் கிளைகளைப்போல் அமைகின்றன. ஒவ்வொரு தொகுதியின் சரிபார்ப்புத் தொகையும் அத்தொகுதியில் இல்லாமல், அதனைச் சுட்டும் மேல்தொகுதியில் எழுதப்படுகிறது. மேல்தொகுதியின் தொகை அதற்கும் மேலுள்ள தொகுதியில் உள்ளது. இவ்வாறு சங்கிலி உச்சிவரை செல்கிறது.

கோப்பினைப் படிக்கும்போதெல்லாம் தொகை சரிபார்க்கப்படுகிறது. பொருந்தாவிடில், மற்றொரு படியிலிருந்தோ மிகை வட்டிலிருந்தோ செய்தி மீட்கப்படுகிறது. மீட்ட செய்தியும் சரிபார்க்கப்படுகிறது. பின்னர், சிதைந்த இடத்தில் சரியான செய்தி திரும்ப எழுதப்படுகிறது. நெடுநாள் யாரும் திறவாத கோப்புகளில் சிதைவு ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், சேமிப்பகம் முழுவதையும் அவ்வப்போது படித்துச் சரிபார்க்கும் பணியும் உண்டு. மிகை இல்லாத தனி வட்டில் சரிபார்ப்புத் தொகை கோப்பின் சிதைவை அறிவிக்கும், திருத்தாது. சான்று இல்லாத மிகை தடுமாறும். இரண்டும் கூடும்போதே காப்பு முழுமை பெறுகிறது.

கோட்டின்மேல் நிற்கும் எண்கள்

பிட்டுகள் ஒன்றிரண்டாக அன்றித் தொகுதி தொகுதியாக அழியும்போது காக்க வல்ல முறையை இர்விங் ரீடு, குஸ்டாவ் சாலமன் என்னும் இருவர் 1960ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதன் அடிப்படையைப் பள்ளிக் கணிதத்தைக் கொண்டே அறியலாம். இரண்டு புள்ளிகள் ஒரு நேர்கோட்டை உறுதிசெய்யும். காக்க வேண்டிய எண்கள் 3, 5 எனக் கொள்வோம். முதலிடத்தில் 3, இரண்டாம் இடத்தில் 5 எனக் குறித்து, அவற்றின் வழியே கோடு வரைந்தால், அக்கோடு மூன்றாம் இடத்தில் 7, நான்காம் இடத்தில் 9 ஆகியவற்றைத் தொடும். 3, 5, 7, 9 என்னும் நான்கையும் நான்கு வட்டுகளில் எழுதுகிறோம். இப்போது எந்த இரண்டு வட்டுகள் அழிந்தாலும், எஞ்சிய இரண்டு புள்ளிகளைக் கொண்டு கோட்டை மீண்டும் வரைந்துவிடலாம். அழியாமல் ஓர் எண் பொய்த்து 3, 5, 8, 9 என வந்தாலும் கவலையில்லை. மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்க, 8 மட்டும் விலகி நிற்பதால் பிழை தானே வெளிப்படும். இரண்டு மிகை எண்களைக் கொண்டு, இடம் தெரிந்த இழப்பு இரண்டினை அல்லது இடம் தெரியாத பிழை ஒன்றினைச் சீர்செய்யலாம் என்பது இதனால் விளங்கும்.

ரீடு, சாலமன் முறை நேர்கோட்டோடு நில்லாமல் உயர்படி வளைவரைகளையும், முடிவுள்ள எண்தொகுதிகளையும் பயன்கொள்கிறது. 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகட்டில் இம்முறை அமைந்தது. அடுத்தடுத்த செய்திகளைத் தகட்டில் விலக்கி விலக்கி எழுதுவதால், ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளக் கீறல் விழுந்தாலும் இசை கெடுவதில்லை.

பெருஞ்சேமிப்பகங்களில் இம்முறை செலவையும் குறைக்கிறது. ஒரு செய்தியை மூன்று படிகளாக வைத்தால், மூன்று மடங்கு இடம் வேண்டும். இரண்டு படிகளின் இழப்பைத் தாங்கலாம். செய்தியை ஆறு பகுதிகளாகப் பிரித்து மூன்று மிகைப் பகுதிகளைச் சேர்த்தால், ஒன்றரை மடங்கு இடமே போதும். மூன்று பகுதிகளின் இழப்பைத் தாங்கலாம். பல கணினிகளில் பரவி இயங்கும் 'ஹடூப்' கோப்பு முறைமையின் மூன்றாம் பதிப்பில், 2017ஆம் ஆண்டு முதல் இவ்வமைப்பு இடம்பெற்றுள்ளது. இழந்த பகுதியை மீட்க ஆறு பகுதிகளைப் படித்துக் கணக்கிட வேண்டும் என்பது இதற்குத் தரும் விலை. ஆதலால், அடிக்கடி நாடும் செய்திகளுக்குப் படிகளும், எப்போதேனும் நாடும் செய்திகளுக்கு இக்குறிமுறையும் ஏற்றனவாகின்றன.

தெரியுமா?
இப்பாடநூலில் அச்சிடப்பட்டுள்ள கியூஆர் குறியீட்டிலும் ரீடு, சாலமன் குறிமுறை உள்ளது. ஜப்பானிய நிறுவனமொன்று 1994ஆம் ஆண்டு உருவாக்கிய இக்குறியீட்டில் நான்கு காப்பு நிலைகள் உண்டு. மிகக் குறைந்த நிலையில் ஏறத்தாழ 7 விழுக்காடும், மிக உயர்ந்த நிலையில் ஏறத்தாழ 30 விழுக்காடும் சிதைவைத் தாங்கி மீளும்.

மிகையின் எல்லை

மிகை எல்லாக் கேட்டையும் தடுக்கும் எனக் கருதலாகாது. 'அவள் வந்தாள்' என்னும் தொடரில் இரண்டு ஈறுகளும் அழிந்து 'அவ– வந்தா–' என்று எஞ்சினால், வந்தவர் யார் என யாராலும் கூற இயலாது. ஒவ்வொரு குறிமுறைக்கும் அது தாங்கும் பிழையின் அளவு வரையறுக்கப்பட்டுள்ளது. அதனைக் கடந்தால் மீட்பில்லை.

மற்றோர் எல்லையும் உண்டு. பயனர் ஒருவர் கோப்பினைத் தவறுதலாக அழித்தால், அவ்வாணையை எல்லா வட்டுகளும் பிழையின்றி நிறைவேற்றும். தவறான எண்ணைத் தட்டச்சு செய்தால், அத்தவறும் சரிபார்ப்புத் தொகையோடு பத்திரமாகக் காக்கப்படும். வட்டுகள் அனைத்தும் ஓரறையில் இருக்க, அங்குத் தீயோ வெள்ளமோ புகுந்தால் குழு முழுவதும் ஒருசேர அழியும். எனவே வேறோரிடத்தில், வேறொரு காலத்தில் எடுத்த தனிப்படியும் தேவை. எழுதியது மாறாமல் இருப்பதற்குக் குறிமுறை பொறுப்பேற்கும். எழுதியது சரியா என்பதற்கு எழுதியவரே பொறுப்பு.

பிழையே நேராத பொறியை எவரும் படைத்ததில்லை. பிழை நேரும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, நேர்ந்தால் கண்டறியவும் திருத்தவும் வழிவகுத்ததே இத்துறை அறிஞர்களின் பணி. நூலில் மிகை குற்றமாகலாம். அளவறிந்து, இடமறிந்து சேர்த்த மிகை, சேமித்த செய்தியில் 'அறம்' என்னும் சொல் 'அறம்' என்றே நிலைக்கக் காவலாகிறது.

கற்பவை கற்றபின்

1. 0100011 என்னும் ஹாமிங் தொடரில் ஒரு பிட் மாறியுள்ளது. மூன்று சோதனைகளையும் செய்து, மாறிய இடத்தைக் கண்டறிந்து வகுப்பறையில் விளக்குக.
2. நான்கு வட்டுகளில் 4, 7, 11, 13 என்னும் எண்கள் உள்ளன. இவை ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டியவை. பொய்த்த எண்ணை வரைபடத்தாளில் குறித்துக் கண்டறிக.
3. ஓர் எழுத்து மாறினாலும் பொருள்தரும் மயங்கொலிச் சொல் இணைகள் பத்தினைத் தொகுத்து, அவை தொடரில் வரும்போது சூழல் எவ்வாறு பிழையைக் காட்டுகிறது எனக் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. சமநிலை பிட் கண்டறிய இயலாதது
அ) ஒரு பிட் மாற்றம் ஆ) இரண்டு பிட் மாற்றம் இ) மூன்று பிட் மாற்றம் ஈ) ஐந்து பிட் மாற்றம்

குறுவினா

1. 'ஓசையற்ற சிதைவு' என்பது யாது?
2. 'அவன் வந்தாள்' என்னும் தொடர் பிழையைக் காட்டினும் திருத்த உதவாது. ஏன்?

சிறுவினா

1. வார இறுதியில் ஹாமிங்குக்கு நேர்ந்த இடையூறு புதிய குறிமுறைக்கு வித்தானதை விளக்குக.
2. சரிபார்ப்புத் தொகையைச் செய்தியின் அருகில் வைக்காமல் மேல்தொகுதியில் வைப்பதன் காரணத்தை எழுதுக.

நெடுவினா

1. 'சான்று இல்லாத மிகை தடுமாறும்' என்னும் கூற்றைச் சேமிப்பக வடிவமைப்பின் வழி நிறுவுக.